பூக்காரம்மா படித்த இங்கிலீஷ்

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. குறுகலான சந்துகள். நெருக்கமான வீடுகள். அங்கே தமிழர்கள் பல ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கமிருந்து பலர் அங்கே பிழைக்கப் போனார்கள். சிலர் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். சிலர் இட்லி விற்றார்கள். சிலர் பூ விற்றார்கள்.

அப்படிப் போன ஒரு குடும்பத்தில் ஓர் அம்மாள். வயது 58. மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில் பூ விற்கிறார். எல்லோரும் அவரைப் பூக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பூக்காரம்மாவுக்கு இந்தி பேச வரும். மராட்டி கொஞ்சம் வரும். வியாபாரத்துக்கு அது போதும். தமிழில் எழுதப் படிக்க இரவு வகுப்பில் கற்றுக்கொண்டார். இப்போது ஊரிலிருந்து வரும் கடிதத்தைத் தானே படிக்கிறார்.

ஆனால் இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அது படிச்சவங்க பாஷை. எனக்கு எதுக்கு?" என்பார்.

ஒரு நாள் இரவு வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே மாதிரி இரண்டு பாட்டில்

பூக்காரம்மாவின் மகள் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். அவசர வேலை இருந்தால் இரவிலும் போக வேண்டும். அவளுடைய மகனுக்கு நான்கு வயது. பையன் ஆச்சியோடுதான் இருப்பான்.

அன்று பையனுக்கு இருமல். கூடவே உடம்பில் சொறி. டாக்டர் இரண்டு மருந்து கொடுத்திருந்தார். இரண்டும் சிறிய பாட்டில். இரண்டுக்கும் வெள்ளை மூடி. ஒன்று குடிக்கும் மருந்து. இன்னொன்று உடம்பில் தடவும் மருந்து. இரண்டும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இருமினால் ஒரு ஸ்பூன் கொடும்மா" என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குப் போனாள்.

இரவு பத்து மணிக்குப் பையன் விடாமல் இருமினான். பூக்காரம்மா எழுந்தார். பாட்டிலை எடுத்தார். ஸ்பூனில் மருந்தை ஊற்றினார்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் உறைமோர் கேட்டு உள்ளே வந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண். அவள் பாட்டிலைப் பார்த்தாள்.

"ஆச்சி! அதைக் கொடுக்காதீங்க! அது தடவுற மருந்து!"

ஸ்பூன் பையனின் உதட்டருகே இருந்தது. பூக்காரம்மாவின் கை நடுங்கியது. மருந்து பாயில் கொட்டியது.

"இதுல அப்படி எழுதியிருக்கா?"

"ஆமா ஆச்சி. ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லின்னு போட்டிருக்கு. உடம்புக்கு வெளியில மட்டும் தடவணும்னு அர்த்தம்."

பையன் சரியான மருந்தைக் குடித்துவிட்டுத் தூங்கினான். பூக்காரம்மா தூங்கவில்லை. விடியும் வரை அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில்தான் எழுதியிருந்தது. அவருக்கு மட்டும் அது சொல்லவில்லை.

சொல் தெரியும், முகம் தெரியாது

மறுநாள் மாலை பூக்காரம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக்கொடும்மா" என்றார்.

அந்தப் பெண் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். முதல் எழுத்துக்கு ஆப்பிள் படம். கடைசி எழுத்துக்கு வரிக்குதிரைப் படம். இரண்டு நாள் படித்தார்கள். மூன்றாம் நாள் பூக்காரம்மா புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஆப்பிளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வரிக்குதிரையை நான் எங்கே பார்க்கப் போறேன்? பாட்டில்ல என்ன எழுதியிருக்கோ அதைச் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"ஆச்சி, உங்களுக்கு உண்மையிலேயே இங்கிலீஷ் தெரியாதா?"

"தெரியாது."

"காலையில எதுல போறீங்க?"

"ரயில்ல. ஸ்லோ வண்டியில."

"ஸ்லோ என்பது இங்கிலீஷ்தான். வண்டிக்குப் போக என்ன வாங்குவீங்க?"

"டிக்கெட். இல்லேன்னா பாஸ்."

"அதுவும் இங்கிலீஷ். காய்ச்சல் வந்தா?"

"டாக்டர்கிட்ட போவேன். டேப்லட் கொடுப்பாரு."

பூக்காரம்மா சிரித்துவிட்டார். இருவரும் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார்கள். டிக்கெட், பாஸ், பிளாட்பாரம், ஸ்டேஷன். டாக்டர், நர்ஸ், டேப்லட், எக்ஸ்-ரே. கேஸ், ஸ்டவ், குக்கர். பேங்க், லோன், செக். மொபைல், சார்ஜர், ரீசார்ஜ். ஐம்பதைத் தாண்டிப் போனது.

அப்போதுதான் பூக்காரம்மாவுக்கு ஒன்று விளங்கியது. சொல் அவர் வாயில் இருக்கிறது. பல நாளாக இருக்கிறது. அதன் முகம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்த ஆளை எதிரில் கண்டும் அடையாளம் தெரியாமல் போவது போல.

"அப்படின்னா முகத்தை மட்டும் காட்டு" என்றார்.

பூக்கட்டுவது போல

எல்லாச் சொல்லையும் ஒரே நாளில் படிக்க முடியாது. ஒரு கூடைப் பூவையும் ஒரே முடிச்சில் கட்ட முடியுமா? நாலு பூ வைத்து ஒரு முடிச்சு. மறுபடி நாலு பூ, மறுபடி ஒரு முடிச்சு. அப்படித்தான் சரம் நீளும். பூக்காரம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இருவரும் ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரத்துக்கு ஓர் இடம். அந்த இடத்தில் கண்ணில் படும் நாலைந்து சொல் மட்டும். முதலில் சொல்லை வாயால் சொல்ல வேண்டும். பிறகு அதன் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். மறுநாள் அந்த இடத்துக்கே போய் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வாரம்: மருந்துப் பெட்டி

வீட்டில் இருந்த மருந்தை எல்லாம் பாயில் பரப்பினார்கள். மாத்திரை அட்டை, பாட்டில், களிம்பு.

ஒவ்வொன்றிலும் 'எக்ஸ்பைரி' என்று இருக்கும். அதன் பொருள் காலாவதி. அதைச் சுருக்கி மூன்று எழுத்தில் போடுவார்கள். இ, எக்ஸ், பி.

'இ' என்பது நின்ற கம்பு. அதிலிருந்து வலப்பக்கம் மூன்று குச்சி. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. சீப்பு போல இருக்கும்.

'எக்ஸ்' என்பது குறுக்கே போட்ட இரண்டு குச்சி.

'பி' என்பது நின்ற கம்பு. அதன் மேல்பாதியில் வலப்பக்கம் ஒரு வயிறு.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். 08, பிறகு 2027 என்று இருந்தால், எட்டாவது மாதம், அதாவது ஆகஸ்ட் 2027. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். அதன் பிறகு கூடாது.

அதன் அருகே இன்னொரு தேதியும் இருக்கும். அது மருந்தைச் செய்த தேதி. அதன் முன்னால் வரும் முதல் எழுத்து 'எம்'. இரண்டு கம்பு, நடுவே ஒரு பள்ளம். செய்த தேதியைப் பார்த்துவிட்டுக் காலாவதித் தேதி என்று நினைக்கக் கூடாது.

பூக்காரம்மா தடவும் மருந்துப் பாட்டிலை எடுத்தார். 'எக்ஸ்டர்னல்' என்ற சொல்லைத் தேடினார்.

"இதுலயும் இ இருக்கு, எக்ஸ் இருக்கு. இதுவும் காலாவதியா?" என்று கேட்டார்.

"மூணாவது எழுத்தைப் பாருங்க ஆச்சி."

மூன்றாவது எழுத்து 'டி'. நின்ற கம்பு. அதன் தலையில் குறுக்கே ஒரு குச்சி.

மூன்றாவது எழுத்து வயிறு வைத்த கம்பு என்றால், அது காலாவதி. தலையில் குச்சி வைத்த கம்பு என்றால், அது வெளியில் தடவுவது. பூக்காரம்மா இதை இருபது முறை சொல்லிப் பார்த்தார்.

பிறகு ஒரு வேலை செய்தார். வெள்ளைத் தாளைக் கிழித்தார். ஒரு துண்டில் 'குடிக்க' என்று எழுதினார். இன்னொன்றில் 'தடவ' என்று எழுதினார். தமிழில்தான் எழுதினார். இரண்டையும் அந்தந்தப் பாட்டிலில் நூலால் கட்டினார். தடவும் மருந்தை வேறு தட்டில், பையனுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

இன்னும் இரண்டு செய்திகளையும் தெரிந்துகொண்டார்.

மாத்திரை அட்டையில் சில சமயம் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது.

அட்டையின் ஒரு மூலையில்தான் தேதி இருக்கும். மாத்திரையை எடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் கடைசியாகக் கிழிக்க வேண்டும். முதலிலேயே கிழித்துவிட்டால், மீதி மாத்திரைக்குத் தேதி தெரியாமல் போய்விடும்.

அன்று பெட்டியில் மூன்று அட்டைகள் காலாவதி ஆகியிருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

இரண்டாம் வாரம்: ரயில் நிலையம்

பூக்காரம்மா விடியற்காலையில் சயான் நிலையத்தில் ரயில் ஏறுவார். தாதரில் இறங்குவார். அங்கே பெரிய பூச்சந்தை இருக்கிறது. பூ வாங்கிக்கொண்டு மறுபடி ரயில் ஏறுவார். அடுத்த நிலையம் மாட்டுங்கா. அங்கே இறங்கிக் கோயிலுக்கு நடப்பார்.

தாதரில்தான் தொல்லை. அங்கே இரண்டு வகை வண்டியும் நிற்கும். ஸ்லோ வண்டி எல்லா நிலையத்திலும் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவிலும் சயானிலும் பொதுவாக நிற்காது. நேரே குர்லாவுக்குப் போய்விடும்.

பூக்காரம்மா பல முறை கேட்டுக் கேட்டுத்தான் ஏறுவார். அவசரத்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சில நாள் தவறி ஏறிவிடுவார். குர்லாவில் இறங்கித் திரும்பி வருவதற்குள் காலைப் பூசை முடிந்துவிடும். பூ வாடிவிடும். அன்றைய வியாபாரம் பாதி போய்விடும்.

நிலையத்தில் ஒரு பலகை தொங்கும். அதில் நேரம் இருக்கும். வண்டி போகும் ஊர் இருக்கும். கூடவே ஓர் எழுத்து இருக்கும். 'எஸ்' அல்லது 'எஃப்'.

'எஸ்' என்பது நெளியும் பாம்பு போல இருக்கும். மெல்ல நெளிந்து போகும் வண்டி. ஸ்லோ.

'எஃப்' என்பது நின்ற கம்பு. வலப்பக்கம் இரண்டு குச்சி. மேலே ஒன்று, நடுவில் ஒன்று. கீழே குச்சி இல்லை. ஃபாஸ்ட்.

"அட! இ எழுத்தோட கீழ்க்குச்சி உடைஞ்சா எஃப்!" என்றார் பூக்காரம்மா.

மறுநாள் தாதரில் பூ மூட்டையோடு நின்றார். பலகையைப் பார்த்தார். கம்பும் இரண்டு குச்சியும் தெரிந்தன. வண்டி வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. பூக்காரம்மா அசையாமல் நின்றார். அந்த வண்டி போனது. அடுத்து பாம்பு எழுத்து வந்தது. அதில் ஏறினார். மாட்டுங்காவில் இறங்கினார்.

யாரையும் கேட்காமல் ஏறிய முதல் நாள் அது.

மூன்றாம் வாரம்: கடை

கடைப் பொருளின் உறையில் மூன்று எழுத்து இருக்கும். எம், ஆர், பி. அதிகபட்சச் சில்லறை விலை என்று பொருள். எல்லா வரியும் அதற்குள் அடக்கம்.

இதில் 'எம்' தெரிந்த எழுத்து. 'பி' தெரிந்த எழுத்து. புதிதாக ஒன்றுதான். 'ஆர்'. வயிறு வைத்த கம்புக்கு ஒரு சாய்ந்த கால் முளைத்தால், அதுதான் 'ஆர்'.

கடைக்காரர் இந்த விலைக்குக் குறைத்து விற்கலாம். கூட்டி விற்கக் கூடாது. இது சட்டம்.

ஒரு நாள் பையன் குளிர்பானம் கேட்டு அழுதான். பாட்டிலில் போட்டிருந்த விலை 20 ரூபாய். கடைக்காரர் 22 ரூபாய் கேட்டார்.

"எம்.ஆர்.பி. இருபதுதானே போட்டிருக்கு?" என்று இந்தியில் கேட்டார் பூக்காரம்மா.

"ஐஸ்பெட்டிக்குக் கரண்ட் செலவு ஆகுதும்மா" என்றார் கடைக்காரர்.

"அதுவும் இந்த விலைக்குள்ளதான்."

கடைக்காரர் அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பேசாமல் 20 ரூபாய் வாங்கிக்கொண்டார். கேட்டும் ஒரு கடைக்காரர் கூட்டி வாங்கினால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

விலையின் அருகே 'நெட்' என்றும் இருக்கும். உறையின் எடையை நீக்கி, உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டும் அது. பொட்டலம் பெரிதாக இருக்கும். உள்ளே சரக்குக் குறைவாக இருக்கும். பொட்டலத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

காலாவதியான மூன்று அட்டைகள் வீட்டில் இருந்தன அல்லவா? அவற்றில் ஒன்று போன மாதம்தான் வாங்கியது. பில்லும் இருந்தது. வாங்கும்போதே தேதி முடிந்திருந்தது. பூக்காரம்மா அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். தேதியைக் காட்டினார். கடைக்காரர் வேறு அட்டை கொடுத்தார். அன்றிலிருந்து பூக்காரம்மா தேதி பார்க்காமல் கடைப்படி இறங்குவதில்லை.

நான்காம் வாரம்: கைபேசி

இப்போது பூ வாங்குவோர் பலர் சில்லறை தருவதில்லை. கைபேசியால் அட்டையைப் படம் பிடித்துப் பணம் அனுப்புகிறார்கள். பூக்காரம்மாவின் கூடையிலும் அப்படி ஓர் அட்டை தொங்குகிறது.

அந்த வாரம் படித்த சொற்கள் மூன்று. பே, பின், ஓ.டி.பி.

'பே' என்றால் பணம் கொடு. முதல் எழுத்து வயிறு வைத்த கம்பு.

'பின்' என்பது ரகசிய எண். நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போக அதைப் போட வேண்டும். நமக்குப் பணம் வருவதற்கு அந்த எண் தேவையே இல்லை.

'ஓ.டி.பி.' என்பது ஒரு முறை மட்டும் பயன்படும் ரகசிய எண். கைபேசிக்குச் செய்தியாக வரும். அதை யாரிடமும் சொல்லக் கூடாது. பேங்க் ஆள் என்று சொன்னாலும் சொல்லக் கூடாது.

சில நாள் கழித்து ஓர் அழைப்பு வந்தது. கல்யாணத்துக்கு நிறையப் பூ வேண்டும் என்றார் ஒருவர். முன்பணம் 5,000 ரூபாய் அனுப்புவதாகச் சொன்னார். கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார்.

"அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணுங்க. பின் நம்பர் போடுங்க. பணம் உங்களுக்கு வந்துடும்" என்றார்.

5,000 ரூபாய்! பூக்காரம்மாவின் மனம் ஒரு கணம் குதித்தது. பக்கத்துக் கடைப் பையன் ஸ்கேன் செய்து கொடுத்தான். திரையில் 5,000 என்று வந்தது. அதன் கீழே ஒரு சொல். வயிறு வைத்த கம்பு முதலில் நின்றது.

பே. கொடு.

"வர்ற பணத்துக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்று கேட்டார். அந்த ஆள் அவசரப்படுத்தினார். பூக்காரம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இப்படி ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். மறைக்கக் கூடாது. வெட்கப்படக் கூடாது.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கைபேசியின் பணம் அனுப்பும் செயலியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

"தமிழே இருக்கா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" என்றார் பூக்காரம்மா.

தமிழ் கிடைக்கும் இடத்தில் தமிழையே கேட்டு வாங்குவோம். அது நம் உரிமை. கிடைக்காத இடத்தில் இந்த நாலு எழுத்து நமக்குக் கைகொடுக்கட்டும்.

ஐந்தாம் வாரம்: மருத்துவமனை

பெரிய மருத்துவமனையில் பலகைகள் பல இருக்கும். எங்கே போவது என்று தெரியாமல் மக்கள் அலைவார்கள். தெரிய வேண்டிய சொற்கள் சிலவே.

ஓ.பி.டி. என்பது வெளிநோயாளிப் பிரிவு. நடந்து வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகும் இடம். பகலில் குறித்த நேரம் மட்டும் நடக்கும். முதல் எழுத்து வட்டம். இரண்டாவது வயிறு வைத்த கம்பு. மூன்றாவது பாதி நிலா.

கேஸ் பேப்பர் என்பது நோயாளியின் பெயரும் நோயும் எழுதும் தாள். மும்பையின் மாநகராட்சி மருத்துவமனைகளில் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எமர்ஜென்சி என்பது அவசரப் பிரிவு. இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும்.

சீட்டில் 1 - 0 - 1 என்று எழுதியிருந்தால், காலையில் ஒன்று, பகலில் இல்லை, இரவில் ஒன்று.

எமர்ஜென்சி என்ற சொல்லை அந்தப் பெண் நோட்டில் எழுதிக் காட்டினாள். நீளமான சொல். பூக்காரம்மா மலைத்தார்.

"முழுசும் வேண்டாம் ஆச்சி. முதல் நாலு எழுத்து போதும். அதுல புதுசு ஒண்ணுமே இல்லை. பாருங்க."

இ, எம், இ, ஆர். சீப்பு. பள்ளம். சீப்பு. கால் முளைத்த கம்பு. எல்லாம் மருந்து அட்டையிலும் கடைச் சரக்கிலும் பார்த்த முகங்கள்.

அந்த மழை இரவு

ஜூலை மாதம். மும்பையில் பெருமழை. அன்று இரவு பையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. மூச்சு வாங்கியது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஊருக்குப் போயிருந்தாள்.

பூக்காரம்மா பையனைப் போர்வையில் சுற்றினார். ஓர் ஆட்டோ பிடித்தார். மாநகராட்சி மருத்துவமனை வாசலில் இறங்கினார். மணி பதினொன்று.

உள்ளே நான்கு பக்கமும் வழி பிரிந்தது. மழையில் கேட்க ஆள் இல்லை. ஒரு பக்கப் பலகையில் வட்டம், கம்பு, பாதி நிலா. அது ஓ.பி.டி. இந்நேரம் பூட்டியிருக்கும். பூக்காரம்மா அங்கே போகவில்லை. இன்னொரு பக்கம் பார்த்தார். சிவப்புப் பலகை. விளக்கு எரிந்தது. கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

சீப்பு. பள்ளம். சீப்பு. கால் முளைத்த கம்பு.

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்.

டாக்டர் உடனே பார்த்தார். மூச்சு சீராக மருந்து வைத்தார்கள். விடியற்காலையில் பையன் கண் விழித்தான். "ஆச்சி, பசிக்குது" என்றான்.

செய்தி கேட்டு மகள் ஓடி வந்தாள்.

"ராத்திரியில தனியா எப்படிம்மா வழி கண்டுபிடிச்சே?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"எழுதி வச்சிருந்தாங்க. படிச்சேன்" என்றார் பூக்காரம்மா.

இப்போது பூக்காரம்மாவின் வீட்டுக்குச் சந்தில் உள்ளவர்கள் மருந்துப் பாட்டிலோடு வருகிறார்கள். "இது குடிக்கவா, தடவவா?" என்று கேட்கிறார்கள். பூக்காரம்மா பதிலைச் சொல்லிவிட்டு அனுப்புவதில்லை. பூக்கட்டிக்கொண்டே அவர்களை உட்கார வைக்கிறார்.

"முதல்ல இந்தச் சீப்பைப் பாருங்க" என்கிறார்.

பேசிப் பாருங்கள்

1. பூக்காரம்மா ஏன் படப் புத்தகத்தை மூடிவிட்டார்?

2. அவருக்கு முன்பே தெரிந்தது என்ன? தெரியாதது என்ன?

3. உங்கள் வீட்டில் மருந்து மாறிப் போனது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

4. பணம் வருவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டுமா?

செய்து பாருங்கள்

1. நீங்கள் பேசும் இங்கிலீஷ் சொற்களை எண்ணுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கேளுங்கள். எத்தனை வருகிறது?

2. வீட்டில் உள்ள மருந்துகளை எடுத்து வையுங்கள். காலாவதித் தேதியைத் தேடுங்கள். தேதி முடிந்ததைத் தனியே வையுங்கள். 'குடிக்க', 'தடவ' என்று தமிழில் எழுதிக் கட்டுங்கள்.

3. நீங்கள் தினமும் போகும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரேஷன் கடை, பேருந்து நிலையம், பேங்க், எதுவானாலும் சரி. அங்கே பலகையில் உள்ள நாலு சொல்லை நோட்டில் எழுதி வாருங்கள். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. நீங்கள் கற்ற சொல்லை இன்னொருவருக்குக் கற்றுக் கொடுங்கள்.